மாடி போர்ஷன் மகாராஜா

நங்கநல்லூரில் எனக்கு ஒரு வீடு. கீழே நாங்கள். மேலே இரண்டு படுக்கையறை, ஒரு ஹால், உள்ளே போனால் திரும்பாமல் பின்நடையாகவே வெளியே வரவேண்டிய ஒரு சமையலறை. மேலே இருப்பதை வாடகைக்கு விடுகிறேன். அந்த ஒரே காரணத்தால் தெருவில் என்னை ‘ஹவுஸ் ஓனர்’ என்கிறார்கள். முப்பது வருஷ உத்தியோகத்தில் என்னிடம் அனுமதி கேட்டு யாரும் எதையும் செய்ததில்லை. வீட்டைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். “சார், சுவத்துல ஒரு ஆணி அடிச்சுக்கட்டுமா?” என்று என்னிடம் வந்து நிற்கிற ஒரே ஜீவன் மாடியில் குடியிருப்பவர்தான். ஆணி விஷயத்தில் நான் ரொம்பக் கறார்.

வீடு காலியானால் கேட்டில் போர்டு தொங்கும். ஆஞ்சநேயர் கோயில் நடக்கிற தூரம், மெட்ரோ பக்கம், தண்ணீர் கஷ்டம் கிடையாது என்றெல்லாம் எழுதுவேன். விமான நிலையம் பக்கத்தில் இருக்கிறது என்பதை எழுதுவதில்லை. அதைத் தலைக்கு மேலே போகிற விமானங்களே சொல்லிவிடும். பழவந்தாங்கல் சுரங்கப்பாதையைப் பற்றி மூச்சு விடமாட்டேன். மழைக்காலம் வந்தால் அது டிவியில் தோன்றித் தானே பேசிக்கொள்ளும்.

போர்டு மாட்டியதும் எங்கள் வீட்டில் தேர்வுக் குழு கூடும். குழுவில் நானும் மனைவியும். யார் யாருக்கு வீடு கொடுக்கக்கூடாது என்பதில்தான் பேச்சு ஆரம்பிக்கும். வக்கீல் வேண்டாம், காலி பண்ணச் சொன்னால் கேஸ் போடுவார். போலீஸ் வேண்டாம், காலி பண்ணச் சொல்லவே நமக்குத் தைரியம் வராது. பத்திரிகைக்காரர் வேண்டாம், எழுதிவிடுவார். சினிமாக்காரர் வேண்டாம், வாடகை எந்தத் தேதியில் வரும் என்று தயாரிப்பாளருக்கே தெரியாது. பேச்சுலர் கூடவே கூடாது. குழந்தைகள் இருந்தால் சுவரில் எழுதும். வயதானவர்கள் இருந்தால் ‘நாளைக்கு ஏதாவது ஆச்சுன்னா’ என்று மனைவி இழுப்பாள். (நாங்கள் இருவரும் அறுபதைத் தாண்டியவர்கள்.) அசைவம் ஆகாது. இதைச் சொல்லும்போது எங்கள் பையன் ஆர்டர் பண்ணிய பிரியாணி கேட்டுக்கு வெளியே வந்து நிற்கும். அவன் அதை மொட்டை மாடியில் வைத்துச் சாப்பிடுவான். மொட்டை மாடி வீட்டுக் கணக்கில் வராது.

இப்படி வடிகட்டி முடித்தால் மிஞ்சுகிறவர் சட்டம் தெரியாதவராக, சைவமாக, உறவினர் தொல்லை இல்லாதவராக, ராத்திரி ஒன்பது மணிக்குள் அடங்குகிறவராக, தண்ணீர் அதிகம் செலவழிக்காதவராக இருக்க வேண்டும். இந்த லட்சணங்கள் பொருந்திய ஒருவர் எங்கள் பேட்டையிலேயே 32 அடி உயரத்தில் ஒரே கல்லில் கைகூப்பி நிற்கிறார். ஆனால் அவரும் பிரம்மச்சாரி. பேச்சுலருக்குத்தான் வீடு கிடையாதே.

இந்தப் பயமெல்லாம் எனக்குப் பரம்பரைச் சொத்து. 1960ஆம் வருஷத்து வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இருந்த காலத்தில், தாத்தா குடிவைத்தவரைப் பேரன் காலி பண்ண வைத்த கதைகளைக் கேட்டே வளர்ந்தேன். ஆனால் அந்தக் கதைகளைக் கேட்டபோது நாங்கள் திருவல்லிக்கேணியில் ஒரு ஸ்டோரில், ஒரே குழாயடியை மற்றக் குடித்தனங்களோடு பங்கு போட்டுக்கொண்டு இருந்தோம். ஓனர் ராத்திரி பத்து மணிக்கு விளக்கை அணைத்துவிடுவார். அவரைத் திட்டாமல் என் அப்பா ஒருநாளும் படுத்ததில்லை. சொந்த வீடு கட்டிய மறுவருஷமே அதே அப்பா, “குடித்தனக்காரனை நம்பவே கூடாதுடா” என்றார். கிரகப்பிரவேசத்துக்கும் இந்த ஞானோதயத்துக்கும் ஏதோ சம்பந்தம் இருக்கிறது.

தேர்வுக் குழுவின் கேள்விகளில் ரொம்ப நாசூக்கானது, “உங்களுக்கு எந்த ஊர்?” என்பது. சென்னை என்று பதில் வந்தால், “இல்ல, சொந்த ஊர்?” செங்கல்பட்டு என்றால், “அப்பாவுக்கு?” அதிலும் பிடி கிடைக்காவிட்டால் குலதெய்வம் எது என்று பக்தியோடு விசாரிப்பாள் என் மனைவி. கேட்கிறவர் ஊரைத் தேடவில்லை என்பது கேட்கிறவருக்கும் தெரியும், பதில் சொல்கிறவருக்கும் தெரியும். ஒருமுறை ஒரு பையன் சிரித்துக்கொண்டே, “நேராவே கேளுங்க ஆன்ட்டி, சொல்லிட்டுப் போயிடறேன்” என்றான். சொல்லாமலேயே போய்விட்டான். அன்றைக்கு முழுக்க நாங்கள் இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் சாப்பிட்டோம்.

செழியன் இயக்கிய ‘டூ லெட்’ படத்தை நாங்கள் இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். தேசிய விருது வாங்கிய படம். சென்னையில் வீடு தேடி ஒரு சின்னக் குடும்பம் படுகிற பாடு. “மனுஷங்களா இவங்க?” என்று வீட்டுக்காரர்களைச் சபித்தபடி மனைவி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கும் தொண்டை அடைத்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு வீடு பார்க்க வந்தவரிடம், “எந்த ஊர்னு சொன்னீங்க?” என்றாள்.

பழைய ஓனரின் நம்பர் வாங்கி விசாரிப்பது என்று ஒன்று உண்டு. அதனால் பைசா பிரயோஜனம் இல்லை. குடித்தனக்காரர் நல்லவராக இருந்தால், போகவிட மனசில்லாத ஓனர், “ம்… பரவால்ல” என்று மென்று முழுங்குவார். எப்போது தொலைவார்கள் என்று காத்திருக்கிறவர்தான், “தங்கமான மனுஷங்க சார், கண்ணை மூடிக்கிட்டு குடுங்க” என்பார். தங்கம் என்ற சொல் காதில் விழுந்ததும் நான் போனை வைத்துவிடுவேன்.

2012 பிப்ரவரியில் வேளச்சேரியில் ஒரு வாடகை வீட்டில், வங்கிக் கொள்ளையர்கள் என்று போலீஸ் சொன்ன ஐந்து பேர் சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதன் பிறகு, குடியிருப்பவர் விவரத்தைக் காவல் நிலையத்தில் கொடுக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. நானும் படிவத்தைப் பூர்த்தி செய்து எடுத்துக்கொண்டு போனேன். வாங்கியவர் குடித்தனக்காரரின் போட்டோவை ஒரு நொடி பார்த்தார், என்னை வெகுநேரம் பார்த்தார். ஆதார் நகலில் யார் முகமும் யாருடையதாகவும் இருக்காது என்பது வேறு விஷயம்.

ஓனரின் அதிகாரத்துக்கும் பருவகாலம் உண்டு. சித்திரை, வைகாசியில் அவர் சக்கரவர்த்தி. பள்ளிக்கூடம் திறக்கப்போகிறது, ஜனங்கள் அலைகிறார்கள், வாடகையைக் கூட்டிச் சொன்னாலும் தலையாட்டுகிறார்கள். ஆனி கடைசியில் வீடு காலியானால் போச்சு. ஆடியில் யாரும் பால் காய்ச்ச மாட்டார்கள். சக்கரவர்த்தி ஈசிசேரில் உட்கார்ந்து கேட்டையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

அப்படியொரு ஆடியில்தான் அந்தப் பெண் தன் அம்மாவோடு வந்தாள். ஆடிட்டர் ஆபீஸில் வேலை. சொந்த ஊர் பாளையங்கோட்டை என்று நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டாள். அதனால் என் முதல் கேள்வி வீணாகிப்போனது. அடுத்ததை யோசிப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள்.

“மாடிக்குத் தனி சர்வீஸா அங்கிள், சப் மீட்டரா?”

“தனி சர்வீஸ்தாம்மா.” எனக்குப் பெருமை. இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம். சப் மீட்டர் வைத்து அந்த நூறைத் தாங்கள் எடுத்துக்கொண்டு, யூனிட்டுக்கு இத்தனை ரூபாய் என்று வசூலிக்கிற ஓனர்கள் உண்டு. நான் அந்த ரகம் இல்லை.

“அப்போ தண்ணி மோட்டார் எந்த சர்வீஸ்ல ஓடுது?”

நான் ஆகாயத்தைப் பார்த்தேன். நல்ல வேளையாக ஒரு விமானம் போயிற்று. அது போய் முடிகிறவரை பொறுமையாக இருந்துவிட்டு, அதே கேள்வியை அதே குரலில் மறுபடி கேட்டாள். மோட்டார் மாடி சர்வீஸில்தான் ஓடுகிறது. தண்ணீர் மேலே ஏறுகிறதல்லவா, அதனால் மேலே இருப்பவர் கணக்கு என்று ஒரு நியாயம் வைத்திருந்தேன். கீழ்வீட்டுக்கும் அதே தொட்டியிலிருந்துதான் இறங்குகிறது என்பதை இத்தனை வருஷத்தில் யாரும் எடுத்துச் சொன்னதில்லை.

இதற்குள் அவள் அம்மா ஒவ்வொரு குழாயாகத் திறந்து மூடி, சுவரைத் தட்டிப் பார்த்து, உள்ளிருந்து குரல் கொடுத்தார்: “ஏட்டி, அடுப்படில வெளிச்சமே இல்லட்டி.” 2015 வெள்ளத்தில் தண்ணீர் வந்ததா என்றும் கேட்டார். “மாடிக்கு வரலை” என்று சத்தியமாகச் சொன்னேன்.

“அட்வான்ஸ் பத்து மாசம்” என்றேன், குரலைக் கனமாக்கிக்கொண்டு.

“புதுச் சட்டத்துல மூணு மாசம்னுதானே அங்கிள் இருக்கு?”

2019இல் நடைமுறைக்கு வந்த அந்தச் சட்டத்தில் நான் படித்து வைத்திருந்தது ஒரே ஒரு வரி. அதை எடுத்து வீசினேன். “வேற மாதிரி உடன்பாடு இருந்தா அதிகமா வாங்கலாம்மா. அதுவும் அதிலேயே இருக்கு.”

“இருக்கு. ஆனா உடன்பாடுன்னா ரெண்டு பேரும் உடன்படணுமே?”

நாலு மாசத்தில் முடிந்தது. ஆடி மாதம் அல்லவா. வழக்கமான பதினோரு மாத ஒப்பந்தத்தை எடுத்து நீட்டினேன். ஒரு வருஷத்துக்கு மேற்பட்ட குத்தகையைத்தான் கட்டாயம் பதிவு செய்ய வேண்டும் என்கிற 1908ஆம் வருஷத்துச் சட்டத்துக்குத் தப்பிக்கத்தான் இந்தப் பதினோரு மாதம், இப்போது எத்தனை மாதமானாலும் வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், பதிவு எண் வரும் என்று எனக்கே பாடம் நடத்தினாள். பிறகு, “எச்.ஆர்.ஏ.வுக்கு உங்க பான் நம்பர் வேணும் அங்கிள். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினா ஆபீஸ்ல கேப்பாங்க” என்றாள்.

இங்கேதான் எனக்கு வேர்த்தது. வாடகை வருமானம் என்பது எனக்கும் வருமான வரித் துறைக்கும் நடுவில் உள்ள ஒரு அந்தரங்கம். துறைக்கு அது இன்னும் தெரியாது என்பதில்தான் அந்த உறவு நிம்மதியாக ஓடிக்கொண்டிருந்தது. வந்தவர்களின் ஆதார், சம்பளச் சீட்டு, ஆபீஸ் அடையாள அட்டை என்று நகல் நகலாக வாங்கி அடுக்கியவன், சொந்த பான் கார்டைத் தேடுகிற சாக்கில் உள்ளே போய் ஒரு செம்பு தண்ணீர் குடித்தேன்.

திரும்பி வந்தால் அடுத்தது: “இதுக்கு முன்னாடி இங்க இருந்தவங்க நம்பர் குடுங்க அங்கிள். சும்மா ஒரு வார்த்தை பேசிக்கிறேன்.”

கொடுக்காமல் எப்படி இருப்பது? படியிலேயே உட்கார்ந்து பேசினாள். நான் ஹாலில் பேப்பரைப் பிரித்து வைத்துக்கொண்டு காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன். நடுநடுவே “ஓஹோ” என்றாள். ஒருமுறை “அப்படியா! ஆணிக்கா?” என்று சிரித்தாள். போனை வைத்துவிட்டு உள்ளே வந்து, “நல்லவிதமாத்தான் சொன்னாங்க. தங்கமான மனுஷர்னாங்க” என்றாள். சமையலறையில் என் மனைவி ஒரு பாத்திரத்தைக் கீழே போட்டாள்.

ஆவணி முதல் முகூர்த்தத்தில் பால் காய்ச்சினார்கள். அசைவமா என்று கடைசி வரை கேட்கவே இல்லை. கேட்கிற முறை எங்களுக்கு வரவே இல்லை. இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை மாடியிலிருந்து மீன் குழம்பு வாசனை இறங்கி வந்தது. பையன் ஏதோ உதவி செய்யப் போகிறவன்போல மாடிப்படி ஏறினான். மனைவி தடுக்கவில்லை.

ஒரே ஒரு சிக்கல், தொட்டியின் வால்வு மாடி வீட்டு பால்கனிக்குள் இருக்கிறது. முன்பெல்லாம் கதவைத் தட்டிவிட்டு, பதில் வருவதற்குள் நான் உள்ளே போய்விடுவேன். வீட்டுக்காரர் உள்ளே வருவதற்கு 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும் என்று சட்டத்தில் இருப்பதை ஒப்பந்தத்தில் சேர்த்து, அவள் அடிக்கோடும் போட்டிருக்கிறாள். போன வாரம் வால்வு ஒழுகியது. “நாளை காலை வரலாமா?” என்று வாட்ஸப்பில் அனுப்பிவிட்டுக் காத்திருந்தேன். ராத்திரி பதில் வந்தது: “நாளைக்கு வேண்டாம் அங்கிள். சனிக்கிழமை பத்து மணிக்கு மேல வாங்க. வரும்போது மோட்டார் கரெண்ட்ல உங்க பாதியையும் எடுத்துட்டு வந்துடுங்க.”