நமுத்த கிரனோலா: தப்பாத செய்முறை

கிரனோலாவை வீட்டிலேயே செய்வதென்று முடிவெடுத்துவிட்டீர்கள். நல்லது. கடையில் கொடுக்கும் காசுக்கு வீட்டில் டப்பா டப்பாவாகச் செய்யலாம் என்று கணக்கும் போட்டிருப்பீர்கள். கருகப்போகும் முதல் இரண்டு தட்டுகளை அந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள், மனசு விட்டுப்போகும். கீழே சொல்வதில் பாதியை ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறீர்கள். மிச்சமும் தானாகக் கைக்கு வரும்.

1. முழு இதழாக இருக்கும் ரோல்டு ஓட்ஸ் வேண்டும் என்பார்கள். அதற்காகக் கடைக்குப் போவதா? மூன்று நிமிடத்தில் வேகும் இன்ஸ்டன்ட் ஓட்ஸ் அலமாரியில் இருக்கிறதே, அதைக் கொட்டுங்கள். பாதி மாவாகிவிடும். மாவு சீக்கிரம் கருகும். நேரம் மிச்சம்.

2. மூன்று கப் ஓட்ஸுக்கு மூன்றில் ஒரு பங்கு கப் எண்ணெயும் அதே அளவு தேனும் போதும். ஆனால் நீங்கள் ஆரோக்கியத்துக்காக இறங்கியவர். எண்ணெயை அடியோடு நிறுத்துங்கள். இதழுக்கு இதழ் சூட்டைக் கொண்டுபோய் மொறுமொறுப்பாக்குவது அந்த எண்ணெய்தான். அது அதன் கவலை. ஈடுகட்டத் தேனை இரண்டு மடங்காக்குங்கள். தேன் சர்க்கரை இல்லையே! கூடவே நாட்டுச்சர்க்கரை இரண்டு கை. பழுப்பாக இருப்பது எதுவும் கணக்கில் வராது.

3. உப்பு வேண்டாம். இனிப்பில் யாராவது உப்புப் போடுவார்களா?

4. பாதாமைக் கலக்கும்போதே உலர்திராட்சையையும் முதலிலேயே கலந்துவிடுங்கள். இறக்கியபின் சேர்க்கச் சொல்பவர்களுக்கு உங்கள் பல்மேல் தேவையில்லாத அக்கறை. அரைமணி நேரம் ஓவனில் கிடந்த திராட்சையை ஈயக்குண்டிலிருந்து பிரித்தறிய முடியாது.

5. தட்டில் மெல்லிசாகப் பரப்பாதீர்கள். மூன்று விரற்கடை உயரத்துக்குக் குவியுங்கள். அடியில் புட்டு, மேலே கரி. ஒரே ஈட்டில் இரண்டு பண்டம். 150 டிகிரியில் அரைமணிக்குக் குறையாமல் ஆகும் என்பதால் 200-க்குத் திருப்புங்கள். நடுவில் ஒருமுறை கிளறுவது முக்கியம். அந்த நேரத்தில் போன் வரும். எடுங்கள். சின்னம்மாதான், சீக்கிரம் முடித்துவிடுவார்.

6. இதுதான் முக்கியமான கட்டம். வெளியே எடுத்ததும் கிரனோலா மெத்தென்று இருக்கும். கடலைமிட்டாய்ப் பாகு சூட்டில் குழைந்து, ஆறியபின் கடக்கென்று உடைவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துவருகிறீர்கள். இங்கேயும் அதே கதைதான்: சூடு இறங்க இறங்கச் சர்க்கரை இறுகும், தொடாமல் விட்டால் கட்டிகட்டியாகச் சேரும். இதையெல்லாம் இந்த நிமிடம் மறந்துவிடுங்கள். விரலால் அழுத்துங்கள், சுட்டுக்கொள்ளுங்கள், “இன்னும் மொறுமொறுப்பே வரலையே” என்று இன்னொரு கால்மணி நேரம் உள்ளே தள்ளுங்கள். பாதாம் வேப்பங்கொட்டைக் கசப்புக்கு வரும்போது எடுங்கள்.

7. ஆறவிடாமல் ஜாடியில் அடைத்து, மூடியை இறுக்குங்கள். உள்ளே நீர் முத்துமுத்தாகக் கோக்கும். படத்தில் பனித்துளி மாதிரி அழகாக விழும். ஜாடியைக் குக்கர் பக்கத்தில் வையுங்கள். சென்னையில் நவம்பர் மாதம் என்றால் வேறு எந்த முயற்சியும் தேவையில்லை. எடுக்க ஈரக் கரண்டி.

8. காலையில் கிண்ணம் நிறைய. பிறகு மாலை நான்கு மணிக்கு ஒரு பிடி, நாலேகாலுக்கு ஒரு பிடி, ஜாடியைக் கடக்கும்போதெல்லாம் ஒரு பிடி. நின்றுகொண்டு தின்றது உடம்பில் ஒட்டாது.

9. நான்காம் நாள் நமுத்திருக்கும். தட்டில் பரப்பிக் குறைந்த சூட்டில் பத்து நிமிடம் வைத்து ஆறவிட்டால் மறுபடி மொறுமொறுக்கும், ஆகவே அதைச் செய்யாதீர்கள். இரவே பாலில் ஊறப்போடுங்கள். இதற்குப் பெரிய பரம்பரை உண்டு. 1863-இல் நியூயார்க் மாநிலத்து டான்ஸ்வில் ஊரில் ஜேம்ஸ் கேலப் ஜாக்சன் என்ற மருத்துவர், தன் சிகிச்சை இல்லத்து நோயாளிகளுக்காகத் தவிடு நீக்காத கோதுமை மாவைச் சுட்டு, உடைத்து, மறுபடி சுட்டு ‘கிரானுலா’ என்று கொடுத்தார். இரவெல்லாம் ஊறவைக்காமல் அதைக் கடிக்க முடியாது. கெல்லாக் என்ற இன்னொரு மருத்துவர் அதே பெயரில் தானும் ஒன்றைச் செய்தார். ஜாக்சன் வழக்கென்று கிளம்பியதும் ஆங்கிலத்தில் ஓர் எழுத்தை மாற்றிக் ‘கிரனோலா’ ஆக்கினார். ஆக, ஒரு ஞாயிற்றுக்கிழமையும் ஒரு சிலிண்டர் விலைக்குப் பாதாமும் செலவழித்து, 1863-க்குப் போய்ச் சேர்ந்துவிட்டீர்கள்.

காலையில் வீட்டில் யாராவது கிண்ணத்தை எட்டிப் பார்த்து “ஓட்ஸ் கஞ்சியா?” என்று கேட்டால், “ஓவர்நைட் கிரனோலா” என்று சொல்லுங்கள். முகத்தை மட்டும் மாற்றாதீர்கள்.