அண்ணனை அடித்தால் ஆயுள் கூடும்

1988 டிசம்பர் 17. ஜப்பானியப் பையன் ஒருவன் ஃபேமிகாம் வீடியோ கேம் பெட்டியில் புதுக் கேசட்டைச் செருகி, நாயகர்கள் நால்வருக்கும் ஆசை ஆசையாகப் பெயர் வைத்து, பொத்தானை அழுத்துகிறான். எடுத்த எடுப்பிலேயே கருப்புக் கவசம் போட்ட நான்கு குதிரைவீரர்கள் வழிமறிக்கிறார்கள். பையன் தாக்குகிறான், எதிராளிக்குக் கீறல்கூட விழவில்லை. அவர்கள் திருப்பித் தாக்குகிறார்கள். ஆளுக்கொரு வெட்டு, நால்வரும் காலி. வைத்த பெயரை வாசித்துப் பார்க்கக்கூட நேரம் கிடைக்கவில்லை. கேசட் பழுதோ என்று அவன் கழற்றி ஊதிப் பார்த்திருந்தாலும் குற்றம் சொல்ல முடியாது. பழுதெல்லாம் இல்லை. பைனல் ஃபேன்டஸி 2 வாடிக்கையாளரை வரவேற்கும் முறையே அதுதான்.

முதல் ஆட்டத்தின் நான்கு வீரர்களுக்கு ஊர், உறவு, முன்கதை எதுவும் கிடையாது. இந்த முறை கதை வேண்டும் என்று தீர்மானித்துவிட்டார் இயக்குநர் ஹிரோனொபு சகாகுச்சி. பலமேசியாப் பேரரசன் நரகத்திலிருந்து அரக்கர்களை வரவழைத்து ஊர் ஊராகக் கொளுத்துகிறான். ஃபிரியான், மரியா, கய், லியான் என்ற நான்கு அநாதைப் பிள்ளைகள் தப்பி ஓடும்போதுதான் அந்தக் கருப்பு வீரர்கள் கையில் சிக்குகிறார்கள். மூவரைப் புரட்சிப்படையின் இளவரசி ஹில்டா காப்பாற்றுகிறாள். மரியாவின் அண்ணன் லியானை மட்டும் காணோம். அண்ணன் காணாமல் போனால் பிற்பாடு எந்தக் கட்சியில் வந்து நிற்பான் என்பது நாலு படம் பார்த்த யாருக்கும் தெரியும். ஆனால் 8 பிட் காலத்தில் இதெல்லாம் பெரிய துணிச்சல்.

இன்னும் பெரிய துணிச்சல் அகிடோஷி கவாஸு என்ற வடிவமைப்பாளருடையது. அன்றைய ரோல்பிளேயிங் ஆட்டங்களில் பெரும்பாலானவற்றுக்கு ஒரே வாய்ப்பாடு: அரக்கனைக் கொல், அனுபவப் புள்ளி வாங்கு, புள்ளி சேர்ந்ததும் லெவல் ஏறு. கவாஸு அதை அப்படியே தூக்கிக் கடாசினார். வாளைச் சுழற்றினால் வாள்வித்தை வளரும், கோடரியைப் பிடித்தால் கோடரிவித்தை வளரும். சொன்ன மந்திரம் மட்டுமே வலுக்கும், அதுவும் 16 படி வரைக்கும். அடிபட்டால் உயிர்ப்பலம் கூடும். காகிதத்தில் படித்தால் எவ்வளவு நியாயம்! உழைத்தவனுக்கு உழைத்த இடத்தில் கூலி. மனிதன் நேர்மையானவன் என்று நம்பி எழுதப்பட்ட விதி இது.

மனிதன் என்ன செய்தான்? அடிபட்டால் ஆயுள் கூடும் என்றால், அடிக்கிற கை யாருடையதாக இருந்தால் என்ன என்று யோசித்தான். காட்டுப் பாதையில் ஒரு சோப்ளாங்கி கோப்ளின் எதிர்ப்படுகிறது. அதைக் கொன்றால் சண்டை முடிந்துவிடும், எனவே கொல்லக் கூடாது. அதைச் சாட்சிக்கு நிறுத்திவிட்டு ஃபிரியான் திரும்பி மரியாவை வெட்டுகிறான். மரியா கய்யை அம்பால் எய்கிறாள். கய் கோடரியை ஓங்கி ஃபிரியான் மண்டையில் போடுகிறான். உயிர் ஊசலாடும்வரை இந்தக் கைங்கரியம் தொடரும். மருந்தும் தரக் கூடாது. சண்டை முடியும்போது எவ்வளவு உயிர் குறைந்திருக்கிறது என்பதுதான் கணக்கு. கடைசியில் யாராவது ஒருவர் போனால் போகிறதென்று கோப்ளினைத் தட்டிவிட, வெற்றி இசை முழங்க, எல்லாருக்கும் ஆயுள் ஏறும். பேரரசனின் கொடுமையை எதிர்த்துக் கிளம்பிய புரட்சிப்படை, பேரரசன் செய்ததைவிட அதிகச் சேதத்தைத் தனக்குத் தானே செய்துகொண்டது. ‘அடி உதவுற மாதிரி அண்ணன் தம்பி உதவ மாட்டான்’ என்பார்கள் நம்மூரில். இங்கே அடி, அண்ணன் தம்பி இரண்டும் ஒரே பொட்டலத்தில்.

சோம்பேறிகளுக்கு இதைவிடச் சொகுசான வழியும் இருந்தது. ‘தாக்கு’ என்று தேர்ந்தெடுத்து, உடனே ரத்து செய்தாலும், நிரலில் இருந்த ஓட்டையால் ஒருமுறை தாக்கியதாகவே கணக்கில் ஏறும். தேர்ந்தெடு, ரத்து செய், தேர்ந்தெடு, ரத்து செய். வாளை உறையிலிருந்து உருவாமலே வாள்வித்தகர் ஆகலாம். ஃபேமிகாம் பதிப்பில் உடல்வலு கூடும்போது புத்தி குறைகிற வழக்கமும் உண்டு. அண்ணன் தங்கையை மாற்றி மாற்றி வெட்டுகிற கூட்டத்துக்கு அது நியாயமான தண்டனை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

கவசத்தில் இன்னொரு கண்ணாமூச்சி. கடையிலேயே விலை உயர்ந்த இரும்புக் கவசத்தை வாங்கி மாட்டினால், அதன் கனத்தில் ஒதுங்கித் தப்பிக்கும் திறன் படுத்துவிடும். லேசான உடுப்பில் கேடயத்தோடு துள்ளுகிறவனே நெடுநாள் வாழ்வான். இதை ஆட்டம் வாய்திறந்து சொல்லாது. செத்துச் செத்துத் தெரிந்துகொள்ள வேண்டும். குகைகளில் வரிசையாகக் கதவுகள். திறந்தால் முக்கால்வாசி வெற்று அறை. உள்ளே நுழைந்ததும் நட்டநடுவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள், வாசலுக்குத் திரும்புவதற்குள் இரண்டு சண்டை. யார் வேண்டுதலோ தெரியவில்லை.

இனி நான்காவது நாற்காலி. லியான் விட்டுப்போன இடத்தில் ஆள் மாற்றி ஆள் வந்து உட்காருவார்கள். ஜோசஃப் பனிக்குகையில் உருண்டு வரும் பாறையைத் தாங்கிப் பிடித்து மற்றவர்களைத் தப்பிக்க வைத்துவிட்டு நசுங்குகிறார். டிராகன் வீரன் ரிச்சர்ட் பேரரசனை மறித்து நின்று உயிரை விடுகிறான். கட்டணம் வாங்கிக்கொண்டு ஆகாயக் கப்பல் ஓட்டும் சிட்கூட, கப்பலை நமக்கே கொடுத்துவிட்டுக் கண்ணை மூடுகிறார். கடற்கொள்ளைக்காரி லெய்லா, இளவரசர் கார்டன் போல ஒன்றிரண்டு பேர் பிழைத்தது விதிவிலக்கு. மற்றவர்களுக்குப் புரட்சியில் சேருவதும் உயில் எழுதுவதும் ஒன்றுதான்.

எல்லாரிலும் பாவம் மின்வூ. உலகிலேயே உயர்ந்த மந்திரமாம் ‘அல்டிமா’. கோபுரத்தில் அதை அடைத்து வைத்திருக்கும் முத்திரையை உடைக்க, அந்த வெள்ளை மந்திரவாதி தன் உயிரையே செலவழிக்கிறார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, மந்திரத்தைக் கற்று, ஆவலோடு எதிரி மேல் ஏவினால், புஸ்! நிரல் பிழையால் ஃபேமிகாம் பதிப்பில் அல்டிமா வெறும் நமுத்த பட்டாசு. இதற்கு ஒரு செவிவழிக் கதையும் உலவுகிறது: திருத்தச் சொன்னபோது, பழங்கால மந்திரம் இந்தக் காலத்தில் சப்பென்றுதான் இருக்கும், அதுதான் யதார்த்தம் என்று நிரலாளர் மறுத்துவிட்டாராம். உண்மையோ கட்டுக்கதையோ, மின்வூ காதில் விழாமல் இருந்தால் சரி.

இத்தனைக்கும் பிறகு இதை மட்டமான ஆட்டம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சோகோபோ என்ற மஞ்சள் சவாரிப் பறவை முதலில் தலைகாட்டியது இதில்தான். நோபுவோ உயெமட்ஸு புரட்சிப்படைக்குப் போட்ட மெட்டை, அந்த அற்ப ஒலிச் சில்லில் கேட்டாலும் நெஞ்சு நிமிரும். கய்க்கு மிருகபாஷை தெரியும். ரகசியம் ஒன்றை நீர்நாய் போன்ற ஒரு பீவரிடம் விசாரித்துத் தெரிந்துகொள்கிறான். உளவுத்துறையே வெட்கப்பட வேண்டும். பேரரசன் இன்னும் ஒரு படி மேல். பாதிக் கதையில் கொல்லப்பட்டதும் நரகத்துக்குப் போய், நரகத்தையே கைப்பற்றி, புதுக் கோலத்தில் திரும்பி வருகிறான். 2004இல் கேம்பாய் அட்வான்ஸுக்கு மறுபதிப்பு வந்தபோது, அவனுடைய இன்னொரு பாதி சொர்க்கத்தையும் மடக்கிப் போட்டதாகச் சேர்த்தார்கள். நாம் சாகவிட்டு வந்த நல்லவர்கள் எல்லாம் அங்கேயும் வேலைக்குப் போக வேண்டியதாயிற்று.

1990இல் மூன்றாம் பாகம் வந்தபோது அனுபவப் புள்ளி பவ்வியமாகத் திரும்பி வந்துவிட்டது. கவாஸு மட்டும் திருந்தவில்லை. 1989இலேயே கேம்பாயில் ‘சாகா’ என்று தனிக்கடை திறந்தார். சண்டைக்குப் பின் யாருக்கு என்ன வளரும் என்று யாருக்குமே தெரியாத கிறுக்குத்தனங்கள் அதிலும் உண்டு. அது பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. பைனல் ஃபேன்டஸி இரண்டாம் பாகத்தை ஆங்கிலத்தில் கொண்டுவரும் முயற்சி நடுவழியில் கைவிடப்பட்டது. 1991இல் நான்காம் பாகத்தையே இரண்டு என்று எண் மாற்றி அமெரிக்காவில் விற்றார்கள். ஆக, கோப்ளின் முன்னால் குடும்பத்தை வெட்டிக்கொள்ளும் பாக்கியம் அமெரிக்கப் பிள்ளைகளுக்கு 2003 வரை கிட்டவில்லை. ஆனால் கவாஸுவிடமிருந்து அவர்களும் தப்பவில்லை. அவருடைய சாகாவை 1990இலேயே அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டார்கள், ‘பைனல் ஃபேன்டஸி லெஜண்ட்’ என்று லேபிள் ஒட்டி.