கும்மிடிப்பூண்டி வட்டாரக் கைக்கடிகார லட்சணம்: ஒரு பூர்வாங்க ஆராய்ச்சி

திருவள்ளூரிலிருந்து கும்மிடிப்பூண்டி வரை பரந்து கிடக்கும் தொழிற்பேட்டைப் பிரதேசத்தின் உருக்காலைகளைப் பற்றியும், ஏரிகளைப் பற்றியும், நிலத்தடி நீரைப் பற்றியும் அறிக்கைகள் எழுதிக் குவித்த அறிஞர் பெருமக்கள், அப்பிரதேசத்து மனிதனின் இடது மணிக்கட்டைப் பற்றி ஒரு வரியும் எழுதாமல் விட்டது ஆராய்ச்சி உலகத்துக்கு நேர்ந்த பெருங்குறை என்று கருதி, அக்குறையை நிவர்த்திக்கும் பொருட்டு, குறைந்த செலவில் தரமான சாவிக் கடிகாரம் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எங்ஙனம் என்னும் விஷயத்தை இங்கே சாஸ்திரோக்தமாக விசாரிக்கப் புகுகிறோம். குறைந்த செலவு என்பதற்கு முதலில் எல்லை வகுத்தாக வேண்டும். ஓவர்டைம் சேர்ந்து வந்த ஒரு மாதச் சம்பளத்திலிருந்து, வீட்டில் கணக்குக் கேட்குமுன் எடுத்துவிடக்கூடிய தொகை எதுவோ, அதுவே இக்கட்டுரையில் பட்ஜெட் எனப்படும். அத்தொகை குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடுமாதலால் இலக்கத்தில் எழுதவில்லை.

இனிப் பூர்வபட்சம். சட்டைப் பையில் செல்போன் இருக்கிறது. ஆலை வாசலில் விரலை வைத்தால் மணியையும் நிமிஷத்தையும் பதிந்துகொள்ளும் யந்திரம் இருக்கிறது. பிளாட்பாரத்தில் சில நூறு ரூபாய்க்குப் பேட்டரி வாட்ச் கிடைக்கிறது. இப்படியிருக்கத் தினந்தோறும் சாவி கொடுத்து உயிர்ப்பிக்க வேண்டிய ஒரு வஸ்துவுக்குப் பணத்தைக் கொட்டுவானேன் என்பது ஆட்சேபம். இதற்குச் சமாதானம்: செல்போனைப் பல ஆலைகளில் வாசலிலேயே வாங்கி வைத்துக்கொண்டுவிடுகிறார்கள். விரல்ரேகை யந்திரமோ நாம் வந்து சேர்ந்த பிறகே மணியைச் சொல்லும். வந்து சேருமுன் சொல்லக்கூடிய சாதனமே மனிதனுக்கு உபயோகம். பேட்டரி வாட்ச்சைப் பொறுத்தமட்டில், அதனுள் விநாடிக்கு 32,768 முறை அதிரும் குவார்ட்ஸ் படிகம் காலக்கணக்கில் எந்தச் சாவிக் கடிகாரத்தையும் தோற்கடித்துவிடும் என்பதை ஒப்புக்கொள்கிறோம். ஒப்புக்கொண்டு, அவ்விஷயத்தை மேலும் பேசாமல் அப்பால் செல்லுகிறோம். ஆராய்ச்சியில் இதுவும் அங்கீகரிக்கப்பட்ட மார்க்கமே.

ஆனால் துல்லியம் என்று சொல்லுகிறார்களே, அதைச் சற்று நெருங்கிப் பார்ப்பது நலம். இந்திய நேரம் 82½ பாகைக் கிழக்குத் தீர்க்கரேகையை ஆதாரமாகக் கொண்டது. கும்மிடிப்பூண்டியோ 80 பாகையை ஒட்டிக் கிடக்கிறது. ஆகவே ஆலைச் சங்கு பன்னிரண்டு மணிக்கு ஊதும்போது, சராசரிக் கணக்கில், சூரிய பகவான் நம் உச்சிக்கு வர இன்னும் ஒன்பது பத்து நிமிஷம் இருக்கிறது. 1906க்கு முன், கிரீன்விச்சுக்கு 5 மணி 21 நிமிஷம் 14 விநாடி முந்தியதாக மதராஸ் நேரம் என்று ஒன்று தனியே வழங்கிற்று. அதைக் கைவிட்டு இந்திய நேரத்தை ஏற்றதன்மூலம் 8 நிமிஷம் 46 விநாடி நம்மிடமிருந்து போயிற்று. ஒரு ஜில்லா முழுவதும் சர்க்கார் சம்மதத்துடன் ஏறக்குறைய ஒன்பது நிமிஷம் சூரியனோடு முரண்பட்டு வாழ்ந்து வருகையில், நாளொன்றுக்கு இருபது முப்பது விநாடி முன்பின்னாக ஓடும் ஓர் ஏழைக் கடிகாரத்தை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நியாயமாகாது. வாரத்துக்கொரு முறை முள்ளைத் திருத்திக்கொண்டால், ஷிப்டுக்குப் போகிறவனுக்கு அது போதும்.

சரித்திரத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். பெங்களூரில் எச்.எம்.டி. ஸ்தாபனம் ஜப்பானிய சிட்டிசன் கம்பெனியின் கூட்டுறவோடு 1961இல் கைக்கடிகாரம் செய்யத் தொடங்கிற்று. ஜனதா, பைலட், காஞ்சன், கோஹினூர் என்ற நாமதேயங்கள் பரீட்சையில் தேறிய பிள்ளைகளுக்கும் கல்யாண மாப்பிள்ளைகளுக்கும் ஒருங்கே பரிச்சயமாயின. பிறகு, கும்மிடிப்பூண்டிப் பேட்டையை நடத்தும் சிப்காட்டுக்கு மூத்த ஸ்தாபனமாகிய டிட்கோ, டாடாக்களோடு சேர்ந்து 1984இல் டைட்டனைத் தோற்றுவித்து, ஓசூரில் குவார்ட்ஸ் கடிகாரங்களைச் செய்யலாயிற்று. எச்.எம்.டி.யின் கடிகாரப் பிரிவை மூடுவதற்கு மத்திய சர்க்கார் 2016இல் அனுமதி அளித்தது. தம்பி நடத்தும் பேட்டையில் உழைக்கிறவன், அண்ணன் பங்குபோட்ட குவார்ட்ஸினால் வீழ்ந்த கடிகாரத்தைத் தேடி அலைவதில் ஒரு விசித்திரம் இருக்கிறது. அதைப் பொருளாதார நிபுணர்களுக்கு விட்டுவிடுகிறோம்.

இன்று பட்ஜெட்டுக்குள் அகப்படுகிற சாவிக் கடிகாரம் பெரும்பாலும் இந்தப் பழைய எச்.எம்.டி.தான். பிற்காலத்து ஜனதாவிலும் பைலட்டிலும் உள்ளே ஓடுவது 0231 என்ற ஒரே யந்திரம்: பதினேழு கல், மணிக்கு 18,000 துடிப்பு. டயலின் நிறமும் முள்ளின் வடிவமும் வேறுபடலாமே தவிர, ஒன்றின் சக்கரம் மற்றொன்றுக்குப் பொருந்தும். இதன் மகத்துவத்தைப் பின்னால் காண்போம்.

முதலில் போலியைக் கண்டுகொள்ளும் வழி. பழைய யந்திரத்துக்குப் புதுச் சாயமடித்த டயலைப் பொருத்தி விற்கப்படும் கடிகாரங்களுக்கு இவ்வியாபாரத்தில் மும்பை ஸ்பெஷல் என்று பெயர். மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையுமாக அவை கண்ணைப் பறிக்கும். அவசரப்படாமல் டயலை வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்துப் பார்த்தால், கம்பெனியிலேயே அச்சிட்ட எழுத்து மெல்லியதாகவும் கூர்மையாகவும் நிற்பதையும், பின்னால் அச்சிட்டது தடித்து விளிம்பில் மை கசிந்திருப்பதையும் காணலாம். நிமிஷ முள் நிமிஷக் கோட்டைத் தொடாமல் பாதி வழியில் நின்றால், அது வேறொரு கடிகாரத்திலிருந்து வந்து குடியேறிய முள். பின்மூடியைத் திறக்கச் சொல்ல வேண்டும். திறக்கமாட்டேன் என்கிற கடைக்காரரிடம் வாங்க வேண்டாம். திறந்தபின் திருகாணிகளின் தலையைப் பார்க்க வேண்டும்: பள்ளம் சிதைந்து பிசிறடித்திருந்தால், பலர் கைவரிசை காட்டிய கடிகாரம் அது. கடைசியாக, முற்றும் நின்றுபோன நிலையில் அதை வாங்கி, சாவியை இரண்டு மூன்று சுற்று மட்டும் சுற்ற வேண்டும். ஆரோக்கியமான கடிகாரமாயின் பேலன்ஸ் சக்கரம் உடனே கண்விழித்து இருபுறமும் தாராளமாக ஆடத் தொடங்கும். குலுக்கினால்தான் ஓடும் என்பதைக் கும்பிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

பின்மூடியில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக் என்று பொறித்திருப்பதைக் கண்டு கடிகாரம் முழுவதும் எஃகு என்று மயங்குவோர் உளர். எஃகு உருக்கிப் பிழைக்கும் ஊர்க்காரரே இவ்விஷயத்தில் ஏமாறுவது பரிதாபம். அவ்வாசகத்தின் தாத்பரியம், மூடி மட்டுமே எஃகு, மற்றதெல்லாம் பெரும்பாலும் முலாம் பூசிய பித்தளை என்பதாம். உலையருகே நிற்பவனின் உப்புவியர்வை, பட்டை கோக்கும் கொம்புகளில் அந்த முலாமைக் கொஞ்சங் கொஞ்சமாகத் தின்று பித்தளையை வெளிக்காட்டிவிடும். முழு எஃகு வேண்டுமாயின் பணம் கூடுதலாகும்.

அடுத்து, கையின் குணம். ஆட்டோமேட்டிக் எனப்படுவது கை ஆட ஆடத் தானே முறுக்கேறிக்கொள்வது. ஸீகோ 5 வரிசையில் நெடுங்காலம் ஓடிய 7எஸ்26 யந்திரத்தில் கையால் சாவி கொடுக்கவே வழியில்லை; ஆட்டினால்தான் ஓட்டம். புதியதாக வாங்கினால் பட்ஜெட்டை உடைத்துவிடும், பழையது தேறலாம். கம்பி இழுக்கிறவருக்கும் பேக்கிங்கில் நிற்கிறவருக்கும் இது உகந்தது. காக்களூர்ப் பேட்டையில் ரசீதுக் கட்டின்மேல் கையை ஊன்றியபடியே மாலையாக்கும் கணக்கருக்குச் சாவிக் கடிகாரமே விதிக்கப்பட்டது. ஆட்டோமேட்டிக் அணிந்தால் திங்கட்கிழமை ஓடுவது புதன்கிழமை நிற்க ஏது உண்டு.

இந்த வட்டாரத்துக்கே உரிய விசேஷ அபாயம் ஒன்று இருக்கிறது. உலகத்துக் கடிகார நூல்களில் கும்மிடிப்பூண்டியின் பெயரால் அது இன்னும் ஏறவில்லை. பழைய இரும்பை உருக்கிக் கம்பியாக்கும் ஆலைகளில் இரும்புக் குவியலை அள்ளித் தூக்குவது மின்காந்தக் கிரேன். அதன் சமீபத்தில் நடமாடும் கடிகாரத்தில் காந்தம் ஏறினால், தலைமயிரினும் மெல்லிய ஹேர் ஸ்பிரிங்கின் சுருள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டவே ஸ்பிரிங்கின் பயன்படும் நீளம் குறையும். குறையவே கடிகாரம் நாளொன்றுக்குப் பல நிமிஷம் முந்தி ஓடும். காந்தத் தடுப்புக் கடிகாரத்துக்குச் சர்வதேசத் தர விதி 764 கேட்பது மீட்டருக்கு 4,800 ஆம்பியரைத் தாங்கும் திறமே. கிரேனை ஒட்டி நிற்பவர் அதை நம்பித் தைரியம் கொள்ள வேண்டாம். இவ்வுண்மை நிர்வாகங்களின் காதுக்கு எட்டினால், ஊழியர்கள் முன்னதாகவே வரட்டும் என்று தீபாவளிப் போனஸுக்குப் பதிலாகக் காந்தமேறிய கடிகாரங்களை வழங்கிவிடுவார்களோ என்று அஞ்சுகிறோம். அதே கடிகாரம் ஷிப்டு முடிவதையும் முந்திச் சொல்லுமாதலால் லாபம் இராது என்பதை முன்கூட்டியே தெரிவித்துக்கொள்ளுகிறோம். செல்போனிலுள்ள திசைகாட்டியின் அருகே வாட்ச்சைக் கொண்டுபோனால் முள் அலைபாய்கிறதா என்று பார்த்து நோயை அறியலாம். காந்தம் நீக்கும் கருவி வைத்திருக்கும் ரிப்பேர்காரர் சில விநாடிகளில் சரிசெய்துவிடுவார்.

இங்கேதான் சித்தாந்தத்துக்கு வந்து சேருகிறோம். ஆராயுந்தோறும் பரிகாரம் ரிப்பேர்காரரிடமே போய் நிற்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குப் பின்னால், ஒரு கண்ணில் உருப்பெருக்கியைச் செருகிக்கொண்டு, செத்த ஜனதாக்களை டப்பாவில் சேர்த்து வைத்திருக்கும் அந்த மனிதர், அவற்றிலொன்றின் சக்கரத்தை எடுத்து நம் பைலட்டுக்குப் பொருத்திச் சொற்பக் கூலியில் ஓடவைப்பார். 0231இன் மகத்துவம் என்றோமே, அது இதுதான். அவர் டப்பாவில் இல்லாத அபூர்வ சுவிஸ் யந்திரத்தை நாம் எவ்வளவு மலிவாக வாங்கினாலும், முதல் கோளாறில் அது மேசை அறைக்குள் நிரந்தர வாசம் செய்யும். ஆகையால் முதலில் ரிப்பேர்காரரைத் தேர்ந்தெடுத்து, அவர் எதைத் திறந்து பழகியவரோ அதையே வாங்குவதுதான் முறை.

அத்தகையவர் வரவர அருகி வருகிறார்; பேட்டரி மாற்றிப் பட்டை கோத்துக் கொடுப்பதோடு பல கடைகள் நின்றுவிட்டன. எனவே சம்பளம் கைக்கு வந்ததும் வாசகர் முதலில் போக வேண்டியது கடிகாரக் கடைக்கன்று. உங்கள் ஊர் ரிப்பேர்காரரிடம் போய், எச்.எம்.டி.க்கு உதிரிச் சாமான் இருக்கிறதா, ஹேர் ஸ்பிரிங் பார்ப்பாரா, கழுவி எண்ணெயிட என்ன கூலி என்ற மூன்றையும் விசாரித்துவிட்டு, பிறகு பணத்தை எடுங்கள்.