சால்னாவின் நரம்பியல்: ஒரு முதற்கட்ட ஆய்வு

விருதுநகர் பொரிச்ச பரோட்டாவைப் பற்றி எழுதியவர்கள் அதன் ருசியோடு நின்றுவிட்டார்கள். அது தொண்டையில் இறங்கும் விதத்தை யாரும் ஆராயவில்லை. அக்குறையைத் தீர்க்கவே இக்கட்டுரை.

விழுங்குதல் சிவகாசிச் சரவெடி மாதிரி. திரியில் நெருப்பு வைக்கும்வரைதான் நம் இஷ்டம். பற்றிவிட்டால் அண்ணம் உயரும், மூச்சு நிற்கும், குரல்வளை மூடும், கவளம் ஏறக்குறைய ஒரு நொடியில் தொண்டையைக் கடந்துவிடும். இந்த வரிசையை நடத்துவது முகுளம். நெருப்பு வைப்பவை வாய், தொண்டை நரம்புகள். துண்டு பெரிதா, சொரசொரப்பா என்று ஐந்தாம் மூளை நரம்பு சொல்லும். முன்நாக்கின் சுவையை ஏழாவது சொல்லும். நாக்கின் அடிப்பகுதியும் தொண்டையும் ஒன்பது, பத்தாம் நரம்புகளின் பொறுப்பு. ஐயமுள்ளோர் வெறும் எச்சிலை நிறுத்தாமல் விழுங்கிப் பார்க்கலாம். நாலைந்து தடவைக்குள் திணறும். வாயில் சரக்கு இல்லாதபோது முகுளம் எளிதில் அசையாது.

இனி பரோட்டா. எண்ணெயில் மூழ்கி மொறுமொறுத்த அதன் விளிம்பை வெறுமனே மென்றால், ‘இன்னும் மெல்’ என்பதே நரம்புகளின் ஒரே பதில். பிய்த்துப் போட்டுச் சால்னாவில் ஊறவிட்டால் கதை வேறு. துண்டுகள் இளகி, ஒன்றோடொன்று ஒட்டி, வழுக்குகின்றன. எச்சிலின் வேலையை இலையிலேயே சால்னா தொடங்கிவிடுகிறது. தாடை ஓயுமுன் அடுத்த பரோட்டா வந்துவிடுவது இதனால்தான். பசியை இதில் இழுக்க வேண்டியதில்லை.

காரத்துக்கும் பங்குண்டு. மிளகாயின் கேப்சைசினை உணரும் நரம்பு ஏற்பியை 1997இல் டேவிட் ஜூலியஸ் குழு கண்டறிந்தது. 2021இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. கொதிக்கும் சூட்டையும் காரத்தையும் அதே ஏற்பிதான் உணர்கிறது. விழுங்கும் அனிச்சை மந்தமான முதியோருக்குக் கேப்சைசின் அதை விரைவுபடுத்துவதை ஜப்பானிய மருத்துவர்கள் காட்டியிருக்கிறார்கள். கொதிக்கக் கொதிக்கச் சால்னா ஊற்றும் விருதுநகர் மாஸ்டர்கள் இந்த ஆய்வுக்குக் காத்திருக்கவில்லை.

சாத்தூர்ச் சேவு சால்னாவுக்கு நேரெதிர்: எச்சிலை உறிஞ்சி, விழுங்குதலைத் தாமதப்படுத்தும். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்கு எந்த நரம்பும் ஆட்சேபம் சொல்வதில்லை. 2019இல் அதற்குக் கிடைத்தது புவிசார் குறியீடு மட்டுமே. நரம்புசார் குறியீடு இன்னும் பாக்கி.

ஆகவே மறுசால்னா கேட்பது பேராசையல்ல, ஐந்தாம் நரம்பின் நியாயமான கோரிக்கை என்று கடைக்காரரிடம் எடுத்துரைத்தோம். வாளியைக் கீழே வைக்காமலே அவர் சொன்னார்: “அந்த நரம்புக்கும் சேத்து ரெண்டு பரோட்டா சொல்லுங்க அண்ணாச்சி, ஊத்துறேன்.”