ரெக்கார்டு நோட்டு: தோற்றமும் பாடபேதமும்

பவணந்தி முனிவர் நன்னூலில் மாணாக்கரை மூன்று தரமாகப் பிரித்தார். அன்னமும் பசுவும் முதல் தரம். மண்ணும் கிளியும் இடைத்தரம். ஓட்டைக்குடம், ஆடு, எருமை, பன்னாடை கடைத்தரம். எல்லாம் பாடம் கேட்கும் விதத்தை வைத்துச் செய்த பிரிவுகள். எழுதும் விதம் பற்றி அவர் மூச்சுவிடவில்லை. 13-ஆம் நூற்றாண்டில் ரெக்கார்டு நோட்டு இல்லாததே காரணமாக இருக்கலாம். அந்தக் குறையைத் தீர்க்க முனையும் இக்கட்டுரைக்குக் களம், பொறியியல் கல்லூரி ஆண்கள் விடுதி ஒன்று.

காலம், சப்மிஷனுக்கு முந்தைய இரவு. கையில் உள்ள நேரத்தை நிரப்பும் அளவுக்கு வேலை பெருகிக்கொண்டே போகும் என்று நார்த்கோட் பார்கின்சன் 1955-இல் எழுதினார். விடுதி மாணவர் அதன் மறுபாதியை நிரூபித்திருக்கிறார்: ஒரு செமஸ்டர் வேலை ஓர் இரவுக்குள் சுருங்கும்.

அறையில் மேசை உண்டு. அதன் மேல் பக்கெட், ஈரத்துண்டு, ஊறுகாய் பாட்டில். எழுதுவதெல்லாம் கட்டிலில், நெஞ்சுக்கடியில் தலையணை வைத்துக் குப்புறப் படுத்துத்தான். ஜெர்மன் கவிஞர் ஷில்லர் மேசை இழுப்பறையில் அழுகிய ஆப்பிள்களை வைத்திருந்தாராம். அந்த வாடை இல்லாமல் அவருக்கு எழுத்து ஓடாது என்று அவருடைய நண்பர் கெதே சொல்லியிருக்கிறார். ஆப்பிள் விலைக்கு நம் மாணவர் எங்கே போவார்? கட்டிலடியில் சாக்ஸ் இருக்கிறது.

கருவிகளைப் பொறுத்தவரை 1938-ஐப் பொற்காலத்தின் தொடக்கமாகக் கொள்ள வேண்டும். லாஸ்லோ பிரோ பால்பாயின்ட் பேனாவுக்குக் காப்புரிமை பெற்ற ஆண்டு அது. அதே ஆண்டு அக்டோபர் 22 அன்று நியூயார்க்கில் செஸ்டர் கார்ல்சன் முதல் ஜெராக்ஸ் நகலை எடுத்தார். அந்த நகலில் இருந்தது தேதியும் இடத்தின் பெயரும் மட்டுமே. ரெக்கார்டு நோட்டில் மாணவர் யாரையும் பார்க்காமல் எழுதும் பகுதியும் ஏறக்குறைய அவ்வளவுதான்.

மற்றதெல்லாம் மூலப்பிரதியிலிருந்து வர வேண்டும். மூலப்பிரதி என்பது டாப்பரின் அப்சர்வேஷன் நோட்டு. மாலையில் அது வாட்ஸ்அப்பில் படமாக வருகிறது. நள்ளிரவுக்குள் வழிநூல்களும் சார்புநூல்களும் பல்கிவிடுகின்றன. பல ஏடுகளை ஒப்புநோக்கித்தான் உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்தார். அதே முறையை இங்கேயும் கையாளலாம். டாப்பர் எழுதியது 47 ஓம் ரெசிஸ்டர். படம் எடுப்பதற்குள் யாரோ அந்தப் பக்கத்தில் ஒரு கொசுவை அடித்துவிட்டார்கள். 4-க்கும் 7-க்கும் நடுவே ஒரு புள்ளி விழுந்தது.

"மச்சி, இது 47-ஆ, 4.7-ஆ?"

"அதுல என்ன இருக்கோ அதையே போடுடா."

4.7 ஓமிலும் ரெசிஸ்டர் கடையில் கிடைக்கும் என்பதால் யாருக்கும் சந்தேகம் எழவில்லை. ஆகவே 47 என்றுள்ள ரெக்கார்டுகள் கொசுவுக்கு முந்தியவை, 4.7 என்றுள்ளவை கொசுவுக்குப் பிந்தியவை என்று துணிந்து காலம் கணிக்கலாம். ஏட்டுச்சுவடி ஆய்வாளர்களுக்கு இவ்வளவு தெளிவான சான்று வாய்ப்பது அபூர்வம்.

மூலப்பிரதி கிடைக்காத சோதனைகளுக்குத்தான் சொந்தச் சிந்தனை தேவைப்படுகிறது. ஊசலை வைத்துப் புவியீர்ப்பு முடுக்கம் காணும் சோதனையை எடுத்துக்கொள்வோம். மாணவர் முதலில் எழுதுவது ரிசல்ட். அங்கே 9.8 போட்டுவிட்டு, பின்பக்கமாக நடந்து அட்டவணைக்கு வருகிறார். ஒரு மீட்டர் நூலுக்கு 20 அலைவுகள் 40.14 விநாடியில் முடிந்தாக வேண்டும். அப்படியே எழுதினால் மேடம் சந்தேகப்படுவார். 40.22 என்று மாற்றுகிறார், விடை 9.76 ஆகிறது. கையால் ஸ்டாப்வாட்ச் அழுத்தியவர்கூட இவ்வளவு நம்பும்படியான பிழையைச் செய்திருக்க முடியாது.

பல்கலைத் தேர்வில் கதையே வேறு. அண்ணா பல்கலையில் 2013 விதிமுறைப்படி பெரிய கேள்விக்கு 16 மார்க். 2017 விதிமுறையில் அது 13 ஆனது. உத்தி மட்டும் மாறவில்லை. கேள்வியையே வாக்கியமாக்கினால் முன்னுரை. அதைத் திருப்பிப் போட்டால் முடிவுரை. நடுவில் ஸ்கேல் வைத்து ஒரு கட்டம், இடப்பக்கம் 'இன்புட்', வலப்பக்கம் 'அவுட்புட்', இரண்டு அம்புக்குறி. எலெக்ட்ரானிக்ஸ் முதல் மேனேஜ்மென்ட் வரை இந்தப் படம் பொருந்துகிறது. கெமிஸ்ட்ரியில் மட்டும் இன்னும் முழு வெற்றி கிட்டவில்லை.