இந்தி அறியாதார் இந்திப் பாட்டு: ஓர் அதிகரணம்

விஷயம்

அறிஞர் பெருமக்களால் இதுகாறும் முற்றிலும் புறக்கணிக்கப்பட்டு வந்துள்ள ஆராய்ச்சிப் பொருள்களுள் தலையாயது எது என்று என்னைக் கேட்பார் உண்டாயின், இந்தியில் ஒரு குவளைத் தண்ணீர் கேட்கவும் அறியாத ஒரு தமிழர், முகம்மது ரஃபி பாடிய பாட்டொன்றைப் பல்லவி தொடங்கிக் கடைசிச் சரணம் வரையில், நடுவே வரும் வயலின் கோஷ்டியையும் தம் வாயாலேயே வாசித்துக்கொண்டு பாடி முடிக்கும் அதிசயமே அது என்று தயங்காமல் விடை சொல்வேன்.

இந்த விசாரணைக்கு ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழிற்பேட்டை வட்டாரத்தினும் உகந்த க்ஷேத்திரம் வேறில்லை. 1017இல் இராமானுஜர் அவதரித்த ஊர் ஆகையால், விஷயம், சம்சயம், பூர்வபக்ஷம், சித்தாந்தம், பிரயோஜனம் என்று பாஷ்யகாரர்கள் ஓர் அதிகரணத்தில் ஒரு பொருளை நடத்திச் செல்லும் வரிசை இம்மண்ணுக்குப் புதிதன்று. அன்றியும், இருங்காட்டுக்கோட்டையில் 1998இல் கார்கள் உருண்டு வெளிவரத் தொடங்கிய காலமுதல், சிப்காட் வளாகங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழுந்து, பீகார், ஜார்க்கண்டு, ஒடிசா, அஸ்ஸாம் முதலிய பிரதேசங்களின் வாலிபர்களைத் திரள்திரளாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டபடியால், ஆராய்ச்சிக்கு வேண்டிய இரு தரப்பாரையும் ஒரே கம்பெனி பஸ்ஸில், சில நாள்களில் ஒரே சீட்டிலேயே, அமர்ந்திருக்கக் காணலாம்.

பிரத்யட்சப் பிரமாணம் பின்வருமாறு. செகண்ட் ஷிப்ட் முடிந்து, ஒரகடம் ஜங்ஷனைக் கடந்து பஸ் ஸ்ரீபெரும்புதூரை நோக்கி விரையும் நள்ளிரவு வேளையில், முன்வரிசையில் இருக்கும் ஸ்டோர்ஸ் பெரியவர் கண்களை மூடி, ‘கைடு’ படத்துப் பாட்டொன்றை எடுக்கிறார். பக்கத்தில், காதில் போஜ்புரிப் பாட்டை மாட்டியிருக்கும் பீகாரத்துப் பையன், அந்தக் கருவியைக் கழற்றி, லைனில் நின்று கற்றுக்கொண்ட தமிழில் கேட்கிறான்:

“அண்ணா, நல்லா இருக்கு. தெலுங்கா?”

“இந்திப்பா, தம்பி! கைடு. 1965. தேவ் ஆனந்த். உங்க ஊர்ப் படமே உனக்குத் தெரியலையா?”

சம்சயம்

மொழியை உடையவன் பாட்டை அறியான்; பாட்டை உடையவர் மொழியை அறியார். எனில், பாட்டு இவ்விருவருள் எவருக்குச் சொந்தம்?

முதலில், மொழியறியாத பெரியவருக்கு அது கிடைத்த மார்க்கத்தை ஆராய்வோம். 1952இல் தகவல் ஒலிபரப்பு மந்திரியாகப் பொறுப்பேற்ற பி. வி. கேஸ்கர், சினிமாப் பாட்டினால் தேசத்தின் செவி கெட்டுப்போகிறது என்று கருதி அகில இந்திய வானொலியில் அதற்கு இடமில்லாதபடி செய்ய, அதே ஆண்டில் இலங்கை வானொலி ‘பினாகா கீத்மாலா’வைத் தொடங்கி, அமீன் சயானியின் குரலில் புதன்கிழமை இரவுதோறும் அப்பாட்டுகளை வரிசைப்படுத்தி வழங்கலாயிற்று. கடல் கடந்து வரும் அலைவரிசை டெல்லியினும் சென்னைக்கே சமீபமாதலால், மந்திரியார் ஒரு தேசத்துக்கு விதித்த பத்தியத்தின் பலனாக இன்னொரு தேசத்திலிருந்து விருந்து வந்து இறங்கிய அந்தக் கைங்கரியத்தில் தமிழ்நாட்டுக்குக் குறைவில்லாத பங்கு கிடைத்தது. 1957இல் ‘விவித பாரதி’யைத் தொடங்கி அரசாங்கம் விழித்துக்கொண்டபோது காரியம் கைமிஞ்சிவிட்டிருந்தது.

இனி, பிறப்பால் உரிமை கோருவாருடைய வாதங்கள். ‘கைடு’ படத்தின் மூலக்கதையை எழுதிய ஆர். கே. நாராயண் சென்னையில் பிறந்தவர். கதாநாயகி வஹீதா ரஹ்மானோ 1938இல் செங்கல்பட்டில் பிறந்தவர். ஸ்ரீபெரும்புதூர் அந்நாளில் செங்கல்பட்டு ஜில்லாவின் தாலுகா ஆதலின், ‘உங்க ஊர்ப் படம்’ என்று பெரியவர் பையனிடம் சொன்னது வெறும் உபசாரம். இதனினும் ஒரு படி மேலே செல்வோர், இவ்வட்டாரத்தின் கார்த் தொழிலை முன்னிட்டுச் சென்னையை ‘இந்தியாவின் டெட்ராய்ட்’ என்று சொல்லும் வழக்கையும், பாடகர் முகேஷ் 1976இல் கச்சேரிக்காகச் சென்ற இடத்தில் உயிர்நீத்தது அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரிலேயே என்பதையும் இணைத்து, அன்னாருடைய பாட்டுகள் ஒரகடத்துக்கு வந்து சேர்ந்தது ஒருவகைப் புனர்ஜன்மம் என்பர். இவ்வாதத்தின் அழகை மெச்சுகிறோம். ஏற்கும் துணிவு நமக்கில்லை.

பூர்வபக்ஷம்

எதிர்க்கட்சியினர் மூவர். முதல்வர் மொழிப்பற்றாளர். 1965இல் இந்தித் திணிப்பை எதிர்த்துத் தெருவில் இறங்கி முழங்கிய அதே வாய், நாலே வருஷத்தில், 1969இல், ‘ஆராதனா’ வந்ததும் கிஷோர் குமாரைப் பாடியது முறையா என்று வினவுவார். அவருக்கு விடை எளிது: எதிர்த்தது பாடபுத்தகத்தில் வந்த இந்தியை, பாடியது எஸ். டி. பர்மன் இசையில் வந்த இந்தியை. பரீட்சையில்லாத மொழியைத் தமிழன் எக்காலத்தும் பகைத்ததில்லை.

இரண்டாமவர் துவைதி. பாட்டு வேறு, பொருள் வேறு. பொருளை முதலில் அறிந்தே பாட்டை அடையவேண்டும் ஆகையால், 1918இல் நிறுவப்பட்டுத் தியாகராய நகரில் இருந்துவரும் தட்சிண பாரத இந்திப் பிரசார சபைக்குச் சென்று பிராத்மிக், மத்யமா என்று படிப்படியாகத் தேறிய பிறகே வாய் திறக்கலாம் என்பது இவர் கொள்கை. இக்கொள்கை மெய்யாயின், பிறந்த அன்றே அம்மொழியில் அழத் தொடங்கிய பின்சீட்டுப் பீகாரத்துப் பையன்கள் அனைவரும் ரஃபியை ஒப்பிக்கவேண்டும். ஒப்பிக்கவில்லை.

மூன்றாமவர் அத்வைதி. மெட்டே சத்தியம், சொல் மாயை; ஆகையால் எந்தச் சொல்லை இட்டாலும் பாட்டு ஒன்றே என்பார் இவர். இவரை வெல்வதற்குச் சரித்திரமே சாட்சி. 1960இல் வெளிவந்து வடக்கை ஆட்கொண்ட ‘முகல்-ஏ-ஆஸம்’, மறு வருஷம் ‘அக்பர்’ என்ற பெயரில் தமிழ் பேசிக்கொண்டு வந்தது. நௌஷாத்தின் மெட்டு மாறவில்லை, மதுபாலாவின் முகம் மாறவில்லை, எல்லாருக்கும் எல்லாம் விளங்கிற்று, படம் தோற்றது. ‘ஆராதனா’வையும் எண்ணுக. தனக்குச் சற்றும் விளங்காத இந்தியில் அதனைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சென்னையில் நீண்ட நாள் ஓட்டிய ஜனம், 1974இல் சிவாஜி கணேசனே நடித்துச் ‘சிவகாமியின் செல்வன்’ என்று தமிழில் வந்த பின்னரும், பழைய இந்திப் பாட்டைக் கைவிடக் காணோம்.

சித்தாந்தம்

ஆகவே, உடையவராகிய இராமானுஜர் பிறந்த ஊரில் உடையவர் வழியே நமக்குக் கதி. ஜீவனுக்குச் சரீரம்போல மெட்டுக்குச் சொல். அவை இரண்டாயினும் பிரிக்கலாகாதவை. தன் சரீரத்தினுள் ஈரல் எங்கே இருக்கிறது என்று அறியாதவனும் அச்சரீரத்தை உடையவனாகவே இருப்பதுபோல, சொல்லின் பொருளை அறியாதவரும் சொல்லோடு கூடிய பாட்டை உடையவரே ஆவர். பெரியவர் அச்சொற்களைத் தமிழ்ச் சொற்களாக மாற்றிப் பாட ஒருநாளும் இசையமாட்டார் என்பதையும், நாலு ககரங்களையும் ஒரே ககரமாக உச்சரித்து அவற்றை உருக்குலைத்தபோதிலும் ஒன்றையேனும் விட்டுப் பாடமாட்டார் என்பதையும், இச்சித்தாந்தம் ஒன்றே விளக்கவல்லது.

இச்சரீரத்தை ஆக்கியோன் யார் என்றும் கேட்கவேண்டும். ‘கைடு’ படத்துக்குப் பாட்டெழுதிய சைலேந்திரா, பீகாரின் ஆரா வட்டாரத்தைப் பூர்வீகமாகக் கொண்ட குடும்பத்தில் பிறந்து, பம்பாய் மாதுங்கா ரயில்வே பட்டறையில் தொழிலாளியாக இருந்தவர். பெரியவர் தமக்கு விளங்காமலே இத்தனை காலம் வாயில் வைத்துக் காத்து வந்தது, பக்கத்துச் சீட்டுப் பையனின் பிரதேசத்து வம்சத்தில் வந்த ஒரு பட்டறைக்காரரின் வாக்கை. எனவே, பெரியவர் அதற்குத் தர்மகர்த்தா, பையன் வாரிசு, சொத்து கைமாறும் இடம், சுங்குவார்சத்திரம் போகும் கம்பெனி பஸ்.

பிரயோஜனம்

வாரிசு வெறுங்கையோடு வரவில்லை. சமீபகாலமாகப் பின்சீட்டில் புதிதாகக் காணப்படும் நிகழ்ச்சி ஒன்று நம் சித்தாந்தத்தை மறுபுறத்திலிருந்தும் மெய்ப்பிக்கிறது: பஸ் டிரைவர் தினந்தோறும் போடும் இளையராஜா பாட்டுகளை, பொருள் ஒன்றும் அறியாமல், புல்லாங்குழல் உள்பட, அந்தப் பீகாரத்துப் பையன்கள் பாடத் தொடங்கியிருக்கிறார்கள். இவர்களுக்கு நல்லெண்ணத்தோடு பொருள் விளக்க முற்படும் சூப்பர்வைசர்களை, ‘அக்பர்’ படத்தின் கதியை நினைவூட்டித் தடுத்தல் வேண்டும் என்பது இவ்வதிகரணத்தால் விளையும் பிரயோஜனம்.

திருக்கோஷ்டியூர்க் கோபுரத்தில் ஏறி, மறைத்து வைத்த மந்திரத்தை ஊரறியக் கூவியவர் என்று போற்றப்படுபவரின் ஜன்மஸ்தலத்தில், பொருளை மறைக்கச் சொல்வது தகுமா என்று ஆக்ஷேபிப்பார் இருக்கலாம். அவர் கூவியது மோட்சத்துக்கு வழி. கேட்டவர்களுக்கு அவசரம் இருந்தது. இங்கே கேட்பவர்களுக்கோ நாளை மறுபடியும் செகண்ட் ஷிப்ட்.