ஜாடிக்குப் பூ வளர்க்கும் அண்ணன்

புரட்டாசி மாதத்தில் நேமத்தான்பட்டியில் ஒரு வீட்டுக்குள் நுழைகிறீர்கள். மழைக்கு முந்தைய புழுக்கம். பட்டாலையில் நாலு பேர் துண்டால் விசிறிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். தலைக்கு மேலே மின்விசிறி இருக்கிறது, கரண்டும் இருக்கிறது, ஆனால் ஓடவில்லை. சுவிட்சில் கை வைத்தீர்களோ, வளவிலிருந்து ஒரு குரல் பாயும்: "ஃபேன் போட்டுறாதீக! விதை பறந்துரும்!"

அந்தக் குரலுக்குச் சொந்தக்காரர்தான் விதை அண்ணன். இவருக்கென்று ஒரு பெயர் ரேஷன் கார்டில் இருக்கும். ஊரில் யாருக்கும் அது தேவைப்பட்டதில்லை. செட்டிநாட்டில் எந்த ஊருக்குப் போனாலும் இந்த வகையில் ஒருவராவது தேறுவார். வங்கியிலோ கம்பெனியிலோ முப்பது வருஷத்துக்கு மேல் குப்பை கொட்டி, ஓய்வு பெற்று, "அவ்வளவு பெரிய வீடு பூட்டிக் கிடக்கே" என்று ஊர் திரும்பியவர். பிள்ளைகள் சிங்கப்பூரிலும் நியூஜெர்சியிலும். பங்காளிகள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்து, சாப்பிட்டு, பூட்டைச் சரிபார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். மிச்ச நாளெல்லாம் அண்ணனும் ஆச்சியும் பர்மா தேக்குத் தூண்களும்தான். தூண்களை எண்ணி முடித்த ஒரு மத்தியானத்தில் அண்ணன் சாமான் அறையைத் திறந்தார். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

ரங்கூனில் லேவாதேவி செய்த ஐயா கப்பலில் அனுப்பிய சாமான்களில் எனாமல் அடுக்குகளும் அரக்குப் பெட்டிகளும் பங்கு பிரிந்தன. பிரிந்ததில் பாதி, காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளுக்குக் குடிபோய்விட்டன. மிஞ்சியவை கழுத்து நீண்ட கண்ணாடி ஜாடிகளும் பூப்போட்ட பீங்கான் ஜாடிகளும். எதற்கு என்று யாருக்கும் புரியாததால் யாரும் பங்கு கேட்கவில்லை. ஒன்றில் ஆச்சி கரண்டி போட்டு வைத்திருந்தார். ஐயா காலம் தொட்டு அவை ஒரு பூவைக்கூடப் பார்த்ததில்லை. அண்ணனுக்கு மனசு கேட்கவில்லை. முதல் போட்டு வாங்கிய சரக்கு இத்தனை காலம் சும்மா கிடக்கலாமா?

சரி, பூ வாங்கி வைக்கலாமே. ஓசூர் ரோஜாவும் நீலகிரி கார்னேஷனும் கல்யாண மேடை அலங்காரத்துக்கு பஸ் ஏறிக் காரைக்குடி வருகின்றனவே! ஆனால் விலை கொடுத்து வாங்க அண்ணன் என்ன விவரம் தெரியாதவரா? விதை போட்டு வளர்த்தால் பூ ஒன்றுக்கு அடக்கம் என்ன என்று ஒரு துண்டுச் சீட்டில் கணக்குப் போட்டார். சில பைசாதான் வந்தது. குழித்தட்டு, தேங்காய்நார்த் தூள், பூவாளி, ஜப்பான் கத்தரி, பெங்களூரு லால்பாகில் சுதந்திர தின மலர்க் கண்காட்சிக்குப் போய்வந்த ரயில் செலவு இவையெல்லாம் அந்தச் சீட்டில் இல்லை. கேட்டால், "அது ஸ்தாவரம், அதைப் பூத் தலையிலே ஏத்தப்படாது" என்பார். நாற்பது வருஷம் பேலன்ஸ் ஷீட் பார்த்தவரிடம் நாம் என்ன பேச முடியும்?

பேரேடும் உண்டு. சிவப்பு அட்டை போட்ட நீள நோட்டு. ஒரு பக்கம் போட்ட விதை, மறுபக்கம் முளைத்த விதை. நடுவில் தள்ளுபடி: எறும்பு தூக்கியது, கோழி கிளறியது, மயில் தின்றது, அப்புறம் 'காரணம் விளங்கவில்லை'. மழைக்காலம் முடிந்ததும் ஐந்தொகை எடுப்பார். கடைசித் தலைப்பில்தான் எப்போதும் தொகை பெரிதாக நிற்கும்.

விதை போடும் நாளில் அவரைப் பார்க்க வேண்டும். ஆன்டிரைனம் என்று ஒரு பூ. விதை மூக்குப்பொடி மாதிரி இருக்கும். கிராமுக்கு 5,000 விதைக்குக் குறையாது. மேலே மண் போட்டு மூடவும் கூடாது, வெளிச்சம் பட்டால்தான் முளைக்கும். அண்ணன் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றி, பல்குத்தும் குச்சியின் நுனியை நாக்கில் வைக்காமல் தண்ணீரில் தொட்டு ஈரமாக்கி, ஒரு விதையை ஒற்றி எடுத்து, தட்டின் குழிக்குள் இறக்குவார். இறக்கும்வரை மூச்சு விட மாட்டார். நாமும் விடக் கூடாது. ஒருமுறை எதிர்வீட்டுத் தம்பி தும்மிவிட்டார். பொட்டலம் பறந்து ஆத்தங்குடிக் கல் பதித்த தரையில் விழுந்தது. பச்சையும் சிவப்பும் கறுப்புமாகக் கோலம் போட்ட தரையில் கறுப்பு விதை எங்கே தெரியும்? அண்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, முட்டி போட்டு, டார்ச்சும் லென்ஸுமாக ஊர்ந்தார். அந்த நேரம் பார்த்து உள்ளே வந்த மச்சான், ஆச்சியின் வைரத்தோட்டில் கல் விழுந்துவிட்டது என்று நினைத்துத் தானும் முட்டி போட்டார். விஷயம் தெரிந்ததும் எழுந்து வேட்டியைத் தட்டிக்கொண்டார். "நான் வைரம்னு நினைச்சுட்டேன்." அண்ணன் நிமிரவே இல்லை. "வைரம்னா கடையிலே கிடைக்கும்ல!"

ஆஸ்டர் விவகாரம் இன்னும் மோசம். பெங்களூருக்குப் பக்கத்தில் ஹெசரகட்டாவில் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் இருக்கிறது. அங்கே வெளியிட்ட சீன ஆஸ்டர் ரகங்களுக்குக் காமினி, பூர்ணிமா, சஷாங்க் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். விதைக்கு ஆயுசு குறைவு. ஒரு வருஷம் தாண்டினால் முளைப்பு விழுந்துவிடும். இதையெல்லாம் மனசில் வைத்து அண்ணன் பெங்களூருக்கு போன் போட்டார். இரண்டாங்கட்டில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஆச்சிக்குக் காதில் விழுந்தது இவ்வளவுதான்: "காமினி கிடைக்குமா? ... பூர்ணிமா போன வருஷம் வந்துச்சு, நம்ம ஊரு வெக்கை தாங்கலை ... வயசானது வேணாம், புதுசாப் பார்த்து அனுப்பி வைங்க." அன்றைக்கு ராத்திரி அண்ணன் வீட்டில் சாப்பாடு இல்லை. கூடவே சஷாங்கையும் ஒரு வார்த்தை கேட்டு வைத்திருந்தால் பழி குறைந்திருக்கும்.

அவருடைய செல்லப்பிள்ளை ஜீனியா. அதன் ஜாதகமே அவருக்கு மனப்பாடம். மெக்சிகோ பக்கத்துச் செடி. ஜோகான் சின் என்ற ஜெர்மன் வைத்தியர் நினைவாகப் பெயர் வைத்தார்கள். அவர் 1755-இல் மனிதக் கண்ணின் உடற்கூறு பற்றிப் புத்தகம் எழுதியவர், முப்பத்தோரு வயதில் போய்விட்டார். அண்ணன் இதைக் கண் ஆஸ்பத்திரியில், சொட்டு மருந்து விட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தவர்களிடம் சொன்னார். அவர்களால் எழுந்து போக முடியவில்லை. 2016 ஜனவரியில் சர்வதேச விண்வெளி நிலையத்தில் ஸ்காட் கெல்லி ஜீனியாவைப் பூக்க வைத்த கதையும் தவறாமல் வரும். பூஞ்சை பிடித்துச் சாகக் கிடந்த செடியை, "அட்டவணையை விடுங்கள், நானே பார்த்துத் தண்ணீர் விடுகிறேன்" என்று அவர் பொறுப்பெடுத்துக் காப்பாற்றினாராம். "ஆகாசத்திலே பூக்குது, நேமத்தான்பட்டியிலே பூக்காதா?" என்பார். ஆகாசத்தில் மயில் கிடையாது என்பதை யாராவது அவரிடம் சொல்லியிருக்கலாம்.

மயில்தான் அண்ணனின் பரம வைரி. நாற்று நாலு இலை விட்ட மறுநாள் விடியற்காலையில் குடும்பத்தோடு வந்து இறங்கும். சட்டப்படி அதன்மேல் கை வைக்க முடியாது. 1972-ஆம் வருஷத்து வனவிலங்குச் சட்டம் உயர்ந்த பாதுகாப்பு கொடுத்திருக்கிறது. அதைவிடப் பெரிய சட்டம் குன்றக்குடியில் மலைமேல் இருக்கிறது. வருஷா வருஷம் பழநிக்கு நடக்கிற மனுஷர், முருகனின் வாகனத்தின்மேல் கல்லெறிவாரா? கையில் கம்பை வைத்துக்கொண்டு, அதை ஓங்கவும் முடியாமல் கீழே போடவும் முடியாமல் நிற்பார். "முருகா, உன் வண்டியை உன் வாசல்லே நிப்பாட்டக் கூடாதா?" என்று கெஞ்சுவார். மயில் கழுத்தைச் சாய்த்துக் கேட்டுவிட்டு அடுத்த பாத்திக்குப் போகும்.

இத்தனைக்கும் பூவுக்குப் பஞ்சமே இல்லை. கோயில் திருவிழா முடிந்து கொல்லைக் குப்பைமேட்டில் எறிந்த செண்டிப்பூ மாலை, மழை பெய்ததும் தானே முளைத்து, யாரும் திரும்பிப் பார்க்காமலே மஞ்சள் மஞ்சளாகப் பூத்துத் தள்ளும். சாக்கடை ஓரத்தில் கோழிக்கொண்டையும் வாடாமல்லியும் அப்படித்தான். அண்ணன் அவற்றைக் கண்டுகொள்வதில்லை. பேரேட்டில் பெயரில்லாமல் முளைப்பதை அவர் முளைப்பாகவே ஒத்துக்கொள்வதில்லை. நியூஜெர்சி மகன் ஒருநாள் வாட்ஸப்பில் படம் அனுப்பினான்: ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் டாலர் கொடுத்து வாங்கிய பூங்கொத்தாம். பெரிதாக்கிப் பார்த்தால் கொத்தின் நடுவில் கோழிக்கொண்டை, சுற்றிலும் வாடாமல்லி. அண்ணன் சாக்கடைப் பக்கம் ஒருதரம் பார்த்தார், போனை ஒருதரம் பார்த்தார். "அங்கே மண்ணு வேற" என்று முடித்துக்கொண்டார்.

மழை ஓய்ந்து மார்கழி பிறந்தால், தப்பிப் பிழைத்த ஜீனியா பூக்கும். சிவப்பு, ஆரஞ்சு, ரோஸ், முழங்கால் உயரக் காம்பில். உண்மையிலேயே அழகுதான்; கேலி செய்கிற என்னாலும் அதை மறைக்க முடியாது. எப்போது வெட்ட வேண்டும் என்பதும் அவருக்கு அத்துபடி. பூவுக்குக் கொஞ்சம் கீழே காம்பைப் பிடித்து லேசாக ஆட்ட வேண்டும். தலை துவண்டு ஆடினால் இன்னும் முற்றவில்லை. காம்பு விறைப்பாக நின்றால் வெட்டலாம். விடியற்காலையில் வெட்ட வேண்டும், கீழ் இலைகளை உருவிவிட வேண்டும், ஜாடித் தண்ணீரைத் தினமும் மாற்ற வேண்டும். அண்ணன் ஜப்பான் கத்தரியை உறையிலிருந்து எடுப்பார், துடைப்பார், ஒரு சொட்டு எண்ணெய் விடுவார், காம்பை ஆட்டிப் பார்ப்பார், விறைப்பாக நிற்கும், "நாளைக்கு வெட்டலாம்" என்று கத்தரியை உறையில் போட்டுவிடுவார். அந்தக் கத்தரி இதுவரை வெட்டியது விதைப் பொட்டலத்தின் மூலையை மட்டும்தான்.

ஆச்சி ஒருநாள் கேட்டார்.

"இதைத் தொடுக்கலாமாங்க?"

"தொடுக்கிறதுக்கு இல்லை. ஜாடியிலே வைக்கிறதுக்கு."

"ஜாடியிலே வச்சு?"

"பார்க்கிறதுக்கு."

"செடியிலேயே பார்த்துக்கிட்டா ஆகாதாங்கறேன்?"

அண்ணனுக்குப் பதில் வரவில்லை. ஆச்சி டிவிஎஸ் வண்டியில் வரும் பூக்காரரிடம் மல்லிகை வாங்கிக் கொண்டையில் வைத்துக்கொண்டு போய்விட்டார். இந்த ஊரில் பூ என்றால் ஒன்று சாமிக்கு, இல்லை தலைக்கு. மூன்றாவதாக ஒரு போக்கிடம் பூவுக்கு இருக்கிறது என்று ஊரை நம்ப வைக்க அண்ணனும் பார்த்தார். ஒரு தட்டு நிறைய எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனார். (அதுவும் கீழே ஒடிந்து விழுந்த பூக்கள், வெட்டியவை அல்ல.) சாமிக்கு வைக்கும் பூவை முகரக் கூடாதே, குருக்கள் முகராமலே வாசனையில்லை என்று கண்டுபிடித்து, "ரொம்ப லட்சணமா இருக்கு, வீட்டிலேயே வச்சுக்கோங்க" என்று தட்டைத் திருப்பிக் கொடுத்தார்.

பிள்ளையார் நோன்பன்றுதான் அவமானம் உச்சத்துக்குப் போனது. இழை எடுத்துக்கொள்ள ஊர்க்காரர்கள் கூடியிருக்கிறார்கள். நோன்புக்கு ஆவாரம்பூ வேண்டும். பக்கத்து வளவு அயித்தை எல்லார் முன்னாலும், "தம்பி வீட்டிலேதான் இல்லாத பூவே இல்லையே, ரெண்டு கொத்து ஆவாரம்பூ பறிச்சிட்டு வாப்பா" என்றார். காமினி இருந்தது, ஜீனியா இருந்தது, வாயில் நுழையாத ஏழெட்டு இருந்தன, ஆவாரம்பூ இல்லை. அது அண்ணன் வீட்டு மதிலுக்கு வெளியே, செம்மண் சரளையில், தண்ணீரில்லாமல், பேரேட்டில் வராமல், புதராகப் பூத்துக் கிடந்தது. அண்ணன் போய்ப் பறித்து வந்தார். கையால்தான். கத்தரி உள்ளேயே இருந்தது.

தையில் தோட்டம் அதன் முழுக் களையில் இருக்கும்போது பழநிப் பாதயாத்திரை வந்துவிடும். காவடியை விட முடியாது, பாத்தியை விடவும் மனசில்லை. தண்ணீர் ஊற்றும் பொறுப்பை வீட்டு வேலைக்கு வரும் பெண்ணிடம் கொடுத்து, எந்தச் செடிக்கு எத்தனை சொம்பு என்று இரண்டு பக்கம் எழுதித் தூணில் ஒட்டிவிட்டு நடப்பார். கெல்லி கிழித்துப் போட்டதாக அவர் சொல்லும் அதே மாதிரி அட்டவணை. நத்தம் தாண்டும்போது போன்: "மூணாம் பாத்தி வாடியிருக்கா?" திண்டுக்கல்லில் போன்: "இலையிலே வெள்ளையாப் பூத்திருந்தா சாம்பல் நோய், அந்த இலையைக் கிள்ளிரு." பக்கத்தில் நடப்பவர்கள் அரோகரா போடும்போது இவர், "இலை மேலே ஊத்தாதே, அடியிலே ஊத்து!" என்று கத்துவார். கொப்புளம் வந்த காலோடு திரும்பியதும் முகப்பில் உட்காராமல் நேரே கொல்லைக்குத்தான் போவார்.

பிறகாவது வெட்டுவாரா என்றால், அதற்குள் புது நியாயம் வந்திருக்கும். இருப்பதிலேயே நல்ல பூவை விதைக்கு விட வேண்டும். சுமாரான பூவை ஜாடியில் வைத்தால் ஐயா வாங்கிய ஜாடிக்குக் கேவலம். ஆக நல்லதும் செடியிலேயே, சுமாரும் செடியிலேயே. எல்லாம் காய்ந்து பழுப்பாகும். தாளில் பரப்பி, காய்ந்த இதழைப் பிடித்து இழுத்தால் அடியில் ஒட்டிக்கொண்டு வருகிற விதையை அண்ணன் ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். ஒட்டுரக விதையில் எடுத்த விதை தாய் மாதிரி வராது, சிவப்பில் எடுத்தது வேறு நிறத்தில் பூத்து நிற்கும் என்பது அவருக்குத் தெரியும். தெரிந்தும் சேர்ப்பார். முதலை விட்டுவிட அவர் ரத்தத்தில் இடமில்லை.

சேர்ந்த விதை எங்கே போகிறது என்பதில்தான் ஊர் மாட்டிக்கொள்கிறது. கல்யாண வீட்டில் மொய்க் கவரோடு ஒரு சின்னப் பொட்டலம். புதுமனை புகுவிழாவில் ஒரு பொட்டலம். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட, கிளம்பும்போது சட்டைப் பையைத் தடவினார் என்று கேள்வி. வாங்கிக்கொண்டால் விட்டது சனி என்று நினைக்காதீர்கள்; வாங்கியவர் பெயர், தேதி, விதை எண்ணிக்கை எல்லாம் சிவப்பு நோட்டில் ஏறிவிடும். பத்து நாள் கழித்து அண்ணன் சைக்கிளில் வருவார். "முளைச்சிருச்சா?"

நம் ஊர் வீடுகள் ஒரு தெருவில் ஆரம்பித்து அடுத்த தெருவில் முடிபவை. முன்வாசலில் சைக்கிள் மணி கேட்டதும் பொட்டலம் வாங்கியவர் வளவைத் தாண்டி, இரண்டாங்கட்டைத் தாண்டி, அடுப்படியைத் தாண்டிப் பின்வாசல் வழியாக அடுத்த தெருவில் இறங்கி நடையைக் கட்டிவிடலாம். ரொம்ப நாள் இப்படித்தான் சமாளித்தோம். இப்போது அண்ணன் முன்வாசலில் மணியடிக்க ஒரு பையனை அனுப்பிவிட்டு, பின்வாசல் தெருவில் சைக்கிளைச் சாய்த்து, நோட்டைத் திறந்து வைத்துக்கொண்டு தயாராக நிற்கிறார்.

"எங்கே அவசரமா? பத்து விதை உங்க பேர்லே நிக்குது. வட்டி கேக்கலை, முதலைக் குடுத்தாப் போதுங்கறேன்."